பத்தாவது நிரையில் நிற்பது யார்

என் அம்மா கொழுந்துக்குப் போன காலத்தில், காலைப் பெரட்டு (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் கூட்டம்) கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறியதும், கங்காணி ஒவ்வொருவருக்கும் ஒரு நிரையைக் காட்டிவிடுவார். சரிவின் குறுக்கே வரிவரியாக நிற்கும் தேயிலைச் செடிகளைத்தான் நிரை என்பார்கள். எங்கள் பேச்சில் அது ‘நெரை’. ஓடைப் பக்கத்து நிரை கிடைத்தவருக்குக் கூடை சீக்கிரம் நிரம்பும். கற்பாறை ஓரத்து நிரை கிடைத்தவர் தேத்தண்ணி நேரம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே பறிப்பார். எந்த நிரை யாருக்கு என்பது நாளுக்கு நாள் மாறும், நிரைகள் மாறுவதில்லை. ஏழாம் நம்பர் மலையின் முதல் நிரை நேற்றும் முதல் நிரை, இன்றும் முதல் நிரை, கவ்வாத்து வெட்டி மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதுவே முதல் நிரை.

பாடசாலையில் தகவல் தொழினுட்பப் பாடம் தொடங்கிய நாளில், அட்டவணையின் கிடைவரிக்கு ‘நிரை’ என்றும் நெடுக்குவரிக்கு ‘நிரல்’ என்றும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் முதற்சொல்லுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பல வருடங்கள் கழித்து, தரவுத்தளங்களோடு மாரடித்துச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பின்னும், அட்டவணை என்றால் என் மனத்தில் எழுந்தது ஒரு தேயிலை மலைதான்: மேலே முதல் நிரை, அதற்குக் கீழே இரண்டாவது, அப்படியே ஓடை வரைக்கும். அந்தப் படம் பிழையானது என்பது, என் கையால் எழுதிய ஒரு பட்டியல் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில் ஒட்டப்பட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

இலங்கை மலையகத்து ஹட்டனில் சிறிய மென்பொருள் வேலைகள் செய்துகொடுக்கும் இடமொன்றில் அப்போது இருந்தேன். நோர்வூட்டைத் தாண்டி பொகவந்தலாவை போகும் வழியில் உள்ள ஒரு தோட்டம், கொழுந்து நிறுவையைக் கணினியில் பதிவதற்கு எங்களிடம் வந்தது. காலை, மத்தியானம், மாலை என்று மூன்று முறை நிறுக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவையும் தொழிலாளியின் செக்ரோல் எண்ணோடு (தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் அவருக்குரிய எண்) ஒரு நிரையாகப் பதிவாகிறது. மாத முடிவில் ஆளுக்கு ஒரு மொத்தம் என்று வேறோர் அட்டவணைக்குப் போகிறது. செலவு வேண்டாம் என்று ஒராக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளின் இலவசப் பதிப்பை, அதாவது 11ஜி எக்ஸ்பிரஸை, ஒரு பழைய கணினியில் ஏற்றியிருந்தோம். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, தைப்பொங்கலுக்கு முந்திய கிழமையில், அலுவலகத்துப் பெரிய கிளாக்கரையா ஒரு சின்ன உதவி கேட்டார். மாதந்தோறும் அதிகக் கொழுந்து எடுத்த பத்துப் பேருக்கு ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் பரிசு கொடுப்பதாக முடிவாகியிருக்கிறதாம். அந்தப் பத்துப் பேரின் பெயரும் கிலோவும் ஒரு தாளில் வர வேண்டும்.

“ஐஞ்சு நிமிஷ வேலைதானே, தம்பி?” என்றார். “ஐஞ்சு நிமிஷம் எதுக்குங்கய்யா,” என்றேன். வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, இப்படி இருந்தது. தமிழ் எழுத்தில் வாசித்தாலும் கணினிக்காரருக்கு விளங்கும்:

செலெக்ட் பெயர், கிலோ ஃப்ரம் மாத_மொத்தம் வேர் மாதம் = 12 அண்ட் ரோநம் <= 10 ஆர்டர் பை கிலோ டெஸ்க்

என் மடிக்கணினியில் இருந்த மாதிரித் தரவில் ஓட்டிப் பார்த்தேன். அதிகக் கிலோவிலிருந்து குறைந்த கிலோவுக்கு அழகாக இறங்கியது. மாதிரித் தரவில் மொத்தம் எட்டுப் பேர்தான் இருந்தார்கள் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எட்டுப் பேரில் முதல் பத்துப் பேரைக் கேட்டால் எந்தப் பிழையான வினவலும் சரியான விடைதான் சொல்லும்.

மறுநாள் இரவு சித்தி அழைத்தார். சித்தி வாழ்க்கைப்பட்டுப் போனது அந்தத் தோட்டத்துக்குத்தான். “என்னடா, ஒங் கம்பியூட்டருக்கு வயசாளிங்க மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுதா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். மடுவத்தில் ஒட்டிய பட்டியலில் இருந்த பத்துப் பேரும் இன்னும் ஓரிரு வருடங்களில் ஓய்வு பெறப் போகிறவர்கள். தோட்டமே அறிந்த கைகாரி ஒருத்தி, மாதம் 600 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டுகிறவள், அந்தத் தாளில் இல்லவே இல்லை. முதலிடம் என்று போட்டிருந்தவரின் கணக்கு 471 கிலோ. பழைய ஆட்களுக்குச் சலுகை காட்டத்தான் அலுவலகம் இப்படிச் செய்திருக்கிறது என்று பேச்சு லயம் முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பேச்சில் ஒரு வகை உண்மை இருந்ததுதான் வேடிக்கை: என் வினவல் உண்மையிலேயே பழைய ஆட்களைத்தான் பொறுக்கியெடுத்திருந்தது.

காரணத்தைச் சொல்வதற்கு ரோநம் என்பது என்ன என்று சொல்ல வேண்டும். அது அட்டவணையில் சேமிக்கப்பட்ட நிரல் அன்று. வினவல் ஓடும்போது, நிபந்தனையைத் தாண்டி வெளியே வரும் ஒவ்வொரு நிரைக்கும் வந்த கணத்தில் ஒராக்கிள் ஒட்டுகின்ற எண் அது. முதலில் வந்ததற்கு 1, அடுத்து வந்ததற்கு 2. அடுக்கும் வேலையான ஆர்டர் பை இதற்கெல்லாம் பிறகுதான் நடக்கிறது. ஆகவே என் வினவலைப் பெற்ற ஒராக்கிள், டிசம்பர் மாத நிரைகளில் கைக்கு முதலில் அகப்பட்ட பத்தை எடுத்து, மீதியைப் பார்க்காமலே விட்டுவிட்டு, எடுத்த பத்தை மட்டும் கிலோ வாரியாக ஒழுங்காக அடுக்கித் தந்தது. மாத மொத்தத்தைக் கணிக்கும் கணினி நிரல் செக்ரோல் எண் வரிசையிலேயே நிரைகளை எழுதியிருந்ததால், முதலில் அகப்பட்டவை மிகச் சிறிய செக்ரோல் எண்கள். அந்தத் தோட்டத்தில் சிறிய எண் என்றால் முன்னமே பதிந்த ஆள். விடை இறங்குவரிசையில் அழகாக இருந்ததே அதன் பிழையை மறைத்துவிட்டது. தாறுமாறாக வந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

வந்த கணத்தில் எண் ஒட்டப்படுகிறது என்பதிலிருந்து இன்னொரு விசித்திரமும் பிறக்கிறது. ரோநம் 1-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அட்டவணையில் ஆயிரம் நிரைகள் இருந்தாலும் விடை வெறுமையாகத்தான் வரும். மலைவாசலில் ஒருவர் துண்டுச்சீட்டோடு நிற்பதாகக் கொள்ளுங்கள். வருகிறவருக்குச் சீட்டில் 1 என்று எழுதிக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் ‘1 என்றால் உள்ளே விடமாட்டேன்’ என்று திருப்பி அனுப்புகிறார். உள்ளே ஒருவரும் போகாததால் சீட்டுக்காரரின் எண்ணிக்கை நகரவில்லை. அடுத்து வருகிறவருக்கும் அதே 1. மாலை வரைக்கும் நின்றாலும் ஒருவர்கூட உள்ளே போக முடியாது. பதினொன்று முதல் இருபது வரை வேண்டும் என்று ரோநம்மை நேரடியாகக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இந்த வாசலில் நின்றிருப்பார்கள்.

திருத்தம் எளிது. முதலில் டிசம்பர் நிரைகளைக் கிலோ வாரியாக அடுக்கும் வினவலை ஓர் அடைப்புக்குள் வைத்து, அதற்கு வெளியே நின்று ரோநம் <= 10 என்று கேட்க வேண்டும். உள்ளிருந்து வருகிறவை அடுக்கப்பட்டே வருவதால் எண்ணும் அந்த வரிசையிலேயே ஒட்டுகிறது. பதினொன்று முதல் இருபது வரை வேண்டுமானால் இன்னும் ஓர் அடைப்பு: நடுவில் ரோநம்முக்கு ஒரு பெயர் சூட்டி 20 வரைக்கும் எடுத்துக்கொண்டு, வெளியே அந்தப் பெயரைக் கொண்டு 10-ஐ விடப் பெரியவற்றை மட்டும் கேட்க வேண்டும். மூன்றடுக்குத் தூக்குச்சட்டிபோல இருக்கும். 11ஜி-யில் ரோநம்மோடு அதற்கு வேறு வழியில்லை.

இங்கே ஒரு கிளைக் கதை. வினவல்கள் எழுதப்படும் எஸ்.கியூ.எல். மொழி ஆங்கில வாக்கியம்போல ‘எடு’ என்னும் வினையை முதலில் வைக்கிறது. ஆனால் அதன் பொருள் வகுக்கப்படும் ஒழுங்கு வேறு: முதலில் எந்த அட்டவணை, பிறகு எந்த நிபந்தனை, பிறகு தொகுப்பு, அதன் பிறகே எந்த நிரல்களை எடுப்பது, அடுத்து அடுக்குவது, கடைசியாக எத்தனை என்று வெட்டுவது. ‘மாத மொத்தத்திலிருந்து, டிசம்பருக்கு உரியவற்றை, கிலோ வாரியாக அடுக்கி, முதல் பத்தை எடு’ என்று தமிழில் சொன்னால் வினை தானாகக் கடைசிக்கு வந்துவிடுகிறது, ஒழுங்கும் ஏறக்குறைய சரியாக அமைந்துவிடுகிறது. புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளிடம், வினவலை எழுதுவதற்கு முன்னால் வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். சொன்ன வாக்கியத்தில் ‘அடுக்கி’ என்பது ‘எடு’வுக்கு முன்னால் வந்தால், எழுதுகிற வினவலிலும் அது உள்ளடைப்புக்குள் போக வேண்டும்.

பத்துப் பேருக்காக 640 பேரையும் அடுக்குவது வீண் உழைப்பு அல்லவா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஒராக்கிள் அவ்வளவு வெகுளி அன்று. வெளியே ரோநம் <= 10 என்று நிற்பதைக் கண்டுகொண்டால் அது எல்லாவற்றையும் அடுக்குவதில்லை; வினவலை எப்படி ஓட்டுகிறது என்று சொல்லும் நிறைவேற்றத் திட்டத்தைக் கேட்டுப் பார்த்தால் ‘சார்ட் ஆர்டர் பை ஸ்டாப்கீ’ என்று ஒரு வரி தெரியும். பத்துக் கூடைகளை மட்டும் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு கூடையையும் அந்தப் பத்தில் மிக இலேசானதோடு ஒப்பிட்டு, கனமாக இருந்தால் மாற்றிவைப்பது போன்ற வேலை அது. எல்லாக் கூடைகளையும் ஒரு முறை தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் இதே உத்தி உண்டு.

நான் மலையை அட்டவணையாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு மறுப்பு, நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், அக்காலத்துத் தரவு அமைப்புகளின் நோய்களாக மூன்று சார்புகளைக் குறிப்பிட்டார். அவற்றுள் ஒன்று ஒழுங்குச் சார்பு. பதிவுகள் சேமிப்பில் எந்த ஒழுங்கில் கிடக்கின்றனவோ அதே ஒழுங்கில்தான் கணினி நிரலுக்குக் கிடைக்கும் என்று நிரல் எழுதுகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். சேமிப்பு மாறினால் நிரல் உடைந்துபோகிறது. அவர் முன்வைத்த மாதிரியில் அட்டவணை என்பது ஒரு கணம், அதாவது கணிதத்தில் சொல்லும் ‘செட்’. கணத்தின் உறுப்புகளுக்கு முன் பின் கிடையாது. ஒராக்கிளின் சாதாரண அட்டவணையில் ஒரு நிரையை அழித்தால் அந்த வெற்றிடத்தில் பிறகொரு நாள் வரும் நிரை போய் உட்கார்ந்துகொள்ளும். நேற்று மேலே தெரிந்தது இன்று நடுவில் தெரியும். ஆர்டர் பை இல்லாத வினவலுக்கு ‘முதல் நிரை’ என்று ஒன்று இல்லை. எண் நிரைக்குச் சொந்தமானது என்று நினைத்திருந்தேன். அது கேட்கிற கேள்விக்குச் சொந்தமானது.

திருத்திய பட்டியல் பொங்கலுக்கு முதல் நாள் ஒட்டப்பட்டது. கைகாரி முதலிடத்தில் இருந்தாள். பழைய பட்டியலில் பேர் வந்த அம்மாமார் பத்துப் பேரிடமும் கிளாக்கரையா நேரில் போய் விளக்கம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வேலையை நான் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

பெப்ரவரியில் அடுத்த சிக்கல் வந்தது. கிளாக்கரையா காலையில் ஒரு பட்டியல் அச்செடுத்தார். மத்தியானம் ஒரு தொழிலாளியின் கணக்கில் திருத்தம் வந்து, ஒன்றிரண்டு நிரைகளை அழித்துத் திரும்பப் பதிந்த பிறகு, இன்னொரு பட்டியல் அச்செடுத்தார். திருத்தம் வந்த ஆள் பத்துக்குள் வரக்கூடியவரே இல்லை. இருந்தும் இரண்டு தாளிலும் பத்தாவது பெயர் வேறு வேறாக இருந்தது. இரண்டு பெயருக்கும் நேரே 538 கிலோ.

தொழினுட்பமாகப் பார்த்தால் இதில் விளக்குவதற்கு அதிகம் இல்லை. கிலோ வாரியாக அடுக்கு என்று மட்டும் சொன்னேன். சமமான இருவரில் யார் முன்னால் என்று சொல்லவில்லை. தரவுத்தளம் தனக்கு வசதியானபடி ஒருவரை முன்னால் வைத்தது. ஆனால் அந்த இரண்டு தாள்களையும் மேசையில் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. “தம்பி, ரெண்டு பேரும் ஒரே கிலோ எடுத்திருக்காங்க. இதுல ஒருத்திக்குப் போத்தல் இல்லன்னு யாரு முடிவு பண்ணினது? நீங்களா, நானா?” என்று கேட்டார். இருவரும் முடிவு செய்யவில்லை என்பதுதான் பிரச்சினை. நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை இயந்திரம் நிரப்பியிருந்தது.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வதை நானும் செய்யப் பார்த்தேன்: அடுக்கும் நிபந்தனையில் கிலோவுக்கு அடுத்ததாகச் செக்ரோல் எண்ணையும் சேர்த்தால் விடை எப்போதும் ஒன்றாகவே வரும். தாள் மாறாது, கேள்வி எழாது. ஆனால் அது பத்தாவது இடத்தை ஒவ்வொரு முறையும் சிறிய செக்ரோல் எண்ணுக்கே கொடுத்துவிடும். ஜனவரியில் தற்செயலாகச் செய்த அநியாயத்தைப் பெப்ரவரியில் விதியாகவே எழுதிவைப்பது போலாகும். விடை மாறாமல் வருவது ஒரு காரியம், நியாயமாக வருவது இன்னொரு காரியம். இரண்டாவதற்குத் தோட்டம்தான் விடை சொல்ல வேண்டுமே தவிர அடுக்கு நிபந்தனை சொல்லக் கூடாது.

எண் இடுவதற்கு மூன்று சாளரச் சார்புகள் (ஒவ்வொரு நிரைக்கும் மற்ற நிரைகளையும் பார்த்து ஒரு மதிப்பைக் கணிக்கும் கட்டளைகள்) இருக்கின்றன. 2003-இல் வந்த எஸ்.கியூ.எல். நியமத்திலேயே இடம்பிடித்தவை அவை. நால்வர் முறையே 31, 29, 29, 27 கிலோ எடுத்ததாகக் கொள்வோம். ரோ_நம்பர் என்பது 1, 2, 3, 4 என்று விடாமல் எண்ணிக்கொண்டு போகும். சமமானவர்களுக்கிடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை முந்தவிடும். ரேங்க் என்பது 1, 2, 2, 4 என்று கொடுக்கும். டென்ஸ்_ரேங்க் 1, 2, 2, 3 என்று இடைவெளி விடாமல் கொடுக்கும். எங்கள் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் இரண்டு பேர் இரண்டாம் பிள்ளையானால் அடுத்தவன் நான்காம் பிள்ளை, அது ரேங்க். ‘எனக்கு முன்னால மூணு பேரு, அதனால நான் நாலாவது’ என்பது அதன் தர்க்கம். பரிசுக்கு அதுவே பொருந்தும் என்று எனக்குப் பட்டது. டென்ஸ்_ரேங்க் போட்டால், சமமான கிலோக்கள் கூடக்கூடப் பதின்மூன்று, பதினான்கு பேர் என்று பட்டியல் வீங்கிக்கொண்டே போகும். அது ‘முதல் பத்துப் பேர்’ அன்று, ‘முதல் பத்து எடைகள்’.

கிளாக்கரையாவிடம் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் ரேங்க்கைத் தெரிந்தெடுத்தார். பதினொன்றாவது போத்தலுக்கு அலுவலகம் சம்மதித்தது. பட்டியலின் தலைப்பில் ‘முதல் பத்துப் பேர்’ என்று இருந்ததை அவரே பேனையால் வெட்டி ‘முதல் பத்து இடங்கள்’ என்று எழுதினார். அதுவரை நான் ஒரு வரையறையை எழுதியிருக்கவே இல்லை, அவர்தான் எழுதினார் என்று சொன்னாலும் தகும். ஒராக்கிள் 2013-இல் வெளியிட்ட 12சி-யிலிருந்து இதை நேரடியாகவே சொல்லலாம்: ஆர்டர் பை-க்குப் பிறகு ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 10 ரோஸ் ஒன்லி’ என்றால் பத்து நிரையோடு வெட்டு, ‘ஒன்லி’ இருக்கும் இடத்தில் ‘வித் டைஸ்’ என்றால் பத்தாவதற்குச் சமமானவர்களையும் சேர்த்துக்கொள். இரண்டு சொல்லில் ஒரு போத்தல் வித்தியாசம்.

மார்ச்சில் வந்த முறைப்பாடு கணக்குப் பிழையைப் பற்றியது அன்று. ஓடைப் பக்கமாகக் கிடக்கும் கீழ்ப்பிரிவில் கொழுந்து செழிப்பு. மேல்பிரிவில் காற்று அடித்துச் செடி கட்டையாக நிற்கும். இரு பிரிவையும் ஒரே பட்டியலில் போட்டால் மேல்பிரிவுக்காரர் எத்தனை விரைவாகப் பறித்தாலும் பெயர் வராது. பிரிவுக்கு ஐந்து பேர் என்று பிரித்துத் தரும்படி கேட்டார்கள். இதற்குச் சாளரச் சார்புகள் அருமையான கருவி: சார்பின் பெயருக்குப் பின்னால் வரும் ஓவர் என்பதற்குள் ‘பார்ட்டிஷன் பை பிரிவு’ என்று ஒரு துண்டைச் சேர்த்தால் எண்ணிக்கை ஒவ்வொரு பிரிவுக்கும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வெறும் ரோநம்மால் இதை எளிதில் செய்ய முடியாது. ஒரு பொறி மட்டும் உண்டு: ரேங்க் கணிக்கப்படும்போது வேர் என்ற நிபந்தனைப் பகுதி ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும் என்பதால், ‘ரேங்க் 5-க்குள் இருப்பவை’ என்று அதே மட்டத்தில் கேட்க முடியாது, மறுபடியும் ஓர் அடைப்புக்குள் வைத்து வெளியிலிருந்துதான் கேட்க வேண்டும்.

மற்றத் தரவுத்தளங்களைப் பற்றி ஓரிரு வரி போதும். மைஎஸ்கியூஎல்-லும் போஸ்ட்கிரெஸ்ஸும் எஸ்கியூலைட்டும் எத்தனை நிரை என்று வரம்பிடும் லிமிட் என்ற சொல்லை அடுக்கிய பிறகே பொருத்துகின்றன. ஆகவே என் ஜனவரிப் பிழையை அங்கே அப்படியே செய்ய முடியாது. மைஎஸ்கியூஎல்-லில் 2018-இல் வந்த 8.0 வரை சாளரச் சார்புகள் இல்லை. அதற்கு முன்னால் ஒரு மாறியை எடுத்து நிரைக்கு நிரை ஒன்றைக் கூட்டி எண்ணிக்கொண்டிருந்தோம், அது எப்போது பிசகும் என்று எவருக்கும் நிச்சயமில்லை. எஸ்.கியூ.எல். சேர்வரில் டாப் என்ற சொல் வினவலின் தொடக்கத்திலேயே வந்தாலும், ஆர்டர் பை இருந்தால் அதை மதித்துத்தான் வெட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் ‘வித் டைஸ்’ஸை 2020-இல் வந்த 13ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது.

வரம்பிடுவது பரிசுப் பட்டியலுக்கு மட்டும் உரிய விடயம் இல்லை. வெளிக்கள உத்தியோகத்தர்கள் கைப்பேசியில் செக்ரோலைப் பார்க்க ஒரு பக்கம் கேட்டார்கள். அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் படிக்கட்டிலும் ஸ்டோருக்கு மேலேயுள்ள வளைவிலும்தான். மலையில் நின்று 640 பேரையும் ஒரேயடியாக இறக்கினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், டேட்டா கார்டும் கரையும். ஆகவே இருபது இருபதாக, 32 பக்கங்கள். மூன்றடுக்குத் தூக்குச்சட்டியைக் கொண்டு எழுதிக்கொடுத்தேன். 12சி-யாக இருந்திருந்தால் ஆஃப்செட் என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்கும், ஆனால் வந்த வினை ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஏனென்றால் ‘முதல் நாற்பதைத் தள்ளிவிட்டு அடுத்த இருபதைக் கொடு’ என்று கேட்பதற்கு, அந்த நாற்பதும் முன்பு பார்த்த அதே நாற்பதாக இருக்க வேண்டும். உத்தியோகத்தர் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அலுவலகத்தில் யாரோ முதற்பக்கத்திலிருந்த ஒரு பெயரை நீக்கினால், பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படி முன்னால் நகர்கிறார்கள். மூன்றாம் பக்கத்தின் முதலாவதாக இருக்க வேண்டியவர் இரண்டாம் பக்கத்தின் கடைசிக்குப் போய்விடுகிறார்; உத்தியோகத்தரோ அந்தப் பக்கத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டார். பேர் ஒன்று காணாமல் போகிறது. புதிதாக ஒரு பெயர் நடுவில் சேர்ந்தால் இதற்கு மறுதலை: ஒரே பெயர் இரண்டு பக்கத்திலும் வரும். இதைக் கண்டுபிடித்தது எந்தச் சோதனை நிரலும் அன்று. கைப்பேசியைப் பார்த்துப் பென்சிலால் கொப்பியில் சரி போட்டுக்கொண்டு வந்த ஒரு இளம் உத்தியோகத்தர். ஒருத்திக்கு இரண்டு சரி விழுந்திருந்தது, ஒருத்திக்கு ஒன்றும் விழவில்லை. அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டாலே சண்டைக்கு வரும் இடத்தில், பேரே விழாமல் போவது விளையாட்டுக் காரியம் இல்லை.

இதில் வேகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தள்ளிவிடு என்று சொன்ன நிரைகளைத் தரவுத்தளம் தாண்டிக் குதிப்பதில்லை. ஒவ்வொன்றாக எண்ணிக் கடந்துதான் போகிறது. 640 பேரில் இது தெரியாது. நிறுவை அட்டவணையில், நாளுக்கு மூன்று முறை, வருடத்தில் 300 நாள் என்று கொண்டால் 576,000 நிரைகள் சேர்ந்துவிடும். அதன் கடைசிப் பக்கத்தைக் கேட்கிறவர் ஏறக்குறைய முழு அட்டவணையையும் தூக்கிக் கீழே போடச் சொல்கிறார்.

மாற்று வழி, எத்தனையைத் தள்ளுவது என்று எண்ணாமல், கடைசியாகப் பார்த்த நிரையை அடையாளமாகப் பிடித்துக்கொள்வது. பக்கத்தின் கடைசிச் செக்ரோல் எண் 217 என்றால், அடுத்த பக்கத்துக்கு ‘217-ஐ விடப் பெரிய எண்களை எண் வாரியாக அடுக்கி முதல் இருபதை எடு’ என்று கேட்கிறோம். முன்னால் யார் நீங்கினாலும் யார் சேர்ந்தாலும் 217-க்குப் பின்னால் வருகிறவர்கள் மாறுவதில்லை. செக்ரோல் எண்ணுக்குச் சுட்டி (இன்டெக்ஸ்) இருந்தால் தரவுத்தளம் நேராக அந்த இடத்தில் போய் இறங்கி இருபதை மட்டும் வாசிக்கும். கிலோ வாரியான பட்டியலுக்கு நிபந்தனை சற்று நீளும்: கடைசியாகப் பார்த்த கிலோவை விடக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது கிலோ சமமாக இருந்து செக்ரோல் எண் பெரியதாக இருக்க வேண்டும். பரிசுப் பட்டியலில் நான் வேண்டாம் என்று தள்ளிய செக்ரோல் எண் இங்கே கட்டாயம் தேவை. இங்கே அது யாரையும் முந்தவிடுவதில்லை. ஒரே இடத்தில் ஒரே ஆள் நிற்பதை மட்டும் உறுதி செய்கிறது. ஆனால் கிலோ என்பது மாலை நிறுவையோடு மாறுகிற எண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மேலே ஏறிவிட்டால் இந்த முறையாலும் பிடிக்க முடியாது. ஆகவே நாள் முடிந்த பிறகே கிலோ பட்டியலைத் திறந்துவிடுகிறோம்.

இந்த மாற்றத்தைச் செய்ததும் திரையின் அடியிலிருந்த 1, 2, 3 என்ற பக்க எண்கள் போய்விட்டன. ‘217-க்குப் பிறகு’ என்று மட்டுமே தெரிந்த வினவலுக்கு அது எத்தனையாவது பக்கம் என்று தெரியாது. இதைக் கிளாக்கரையாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பதினேழாம் பக்கத்துக்கு நேராகப் போக முடியாது, வேண்டுமானால் செக்ரோல் எண்ணைத் தட்டி அங்கிருந்து பார்க்கலாம் என்றேன். அவர் அலுமாரியைத் திறந்து, முதுகில் துணி ஒட்டிய பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். “இதுல எந்தப் பக்கத்துல யாரு இருக்கான்னு எனக்கு என்னைக்கும் தெரியாது, தம்பி. நம்பரச் சொன்னா எடுத்துருவேன்,” என்றார்.

‘முந்தைய இருபது’ என்ற பொத்தான்தான் இன்னும் மிச்சம். அதற்கு அடுக்கைத் தலைகீழாக்கி, பக்கத்தின் முதல் எண் 198 என்றால் அதை விடச் சிறிய எண்களை இறங்குவரிசையில் இருபது எடுத்து, எடுத்ததை மறுபடியும் நேராகத் திருப்பிக் காட்ட வேண்டும். முதற்பக்கத்தில் இருபதுக்குக் குறைவாக மிஞ்சும்போது என்ன செய்வதென்று முடிவாகாததால், இப்போதைக்கு அந்தப் பொத்தான் பட்டியலின் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விடுகிறது.